‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது. 2015 மாடல் 150 சிசி பைக், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சைடு கவருக்குள் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. கிக்கரை உதைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு நாள் மெக்கானிக் மோட்டார் மேல் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டியதும் செல்ஃப் எடுத்தது, மறுநாள் பழைய கதை. “மோட்டார் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்” என்கிறார். போடலாமா, இல்லை நானே கழற்றிப் பார்க்கலாமா?

புது மோட்டார் வாங்க இன்னும் நேரம் வரவில்லை. நீங்கள் சொன்னதில் அந்த ஸ்பேனர் தட்டு ஒன்றே பெரிய துப்பு. என் சந்தேகம் மோட்டாருக்குள் உரசிக்கொண்டு கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டைகள் மேல். ஆனால் சந்தேகத்தை வைத்து ஸ்பேனரை எடுக்கக்கூடாது, மீட்டரைத்தான் எடுக்க வேண்டும். ‘செல்ஃப் மோட்டார் போச்சு’ என்று சொல்லி என்னிடம் வந்த வண்டிகளில், மோட்டார் நிஜமாகவே உயிரை விட்டிருந்தவை குறைவு. பேட்டரி முனையில் பூத்த பச்சைக் களிம்பு, கருகிய ரிலே (மோட்டாருக்குக் கரண்டை விடும் மின்காந்த ஸ்விட்ச்), பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் ஒயர் என்று குற்றவாளி வேறு எங்காவது இருப்பான். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

பட்டனை அழுத்தும்போது இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. பட்டன் வழியாகப் போவது சின்ன கரண்ட். அது சாவி, என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் ஸ்விட்ச் எல்லாவற்றையும் தாண்டி ரிலேயின் காயிலுக்குப் போகிறது. காயில் காந்தமாகி, உள்ளே இருக்கும் ஒரு இரும்புத் தண்டை இழுத்து, அதோடு சேர்ந்த செம்புத் தகட்டை இரண்டு தடித்த போல்ட்டுகள் மேல் அறைகிறது. உங்கள் காதில் விழும் ‘டக்’ அதுதான். அதற்கப்புறம்தான் பெரிய கரண்ட் கிளம்புகிறது: பேட்டரி பாசிடிவ், ரிலே, தடித்த ஒயர், மோட்டார், மோட்டாரின் உடம்பு, என்ஜின், எர்த் ஒயர், பேட்டரி நெகடிவ். ஹெட்லைட்டின் 35 வாட் பல்பு எடுப்பது 3 ஆம்பியர். இந்த வட்டத்தில் ஓடுவது அதைப்போல இருபது முப்பது மடங்கு.

ஆக, ‘டக்’ கேட்கிறது என்றால் பட்டனும் சாவியும் ஃபியூஸும் கிளட்ச் ஸ்விட்ச்சும் நன்றாக இருக்கின்றன. பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து கழித்துவிடலாம். சத்தமே இல்லாமல் இருந்திருந்தால் நேர்மாறு: அப்போது மோட்டாரைத் தொடவே கூடாது, முதலில் கில் ஸ்விட்ச்சையும் கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச்சையும் பார்க்க வேண்டும். துடைக்கிறவர் கில் ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டதால் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்த வண்டிகள் உண்டு. பட்டறைக்காரனுக்கு அன்று டீச்செலவு மிச்சம்.

‘டகடகடக’ என்று தையல் மிஷின் மாதிரி தொடர்ந்து அடித்தால் அது வேறு வியாதி. ரிலே மூடுகிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது, பேட்டரி தாங்காமல் வோல்ட் சரிகிறது, ரிலேயைப் பிடித்து வைக்கவே தெம்பு இல்லாமல் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. இது பேட்டரி டவுன், இல்லாவிட்டால் பேட்டரி டெர்மினல் லூஸ். உங்களுடையது அது இல்லை. ஒற்றை ‘டக்’. அதனால்தான் மீட்டர் வேண்டும், ஏனென்றால் ஒற்றை ‘டக்’குக்கு மூன்று நான்கு காரணம் உண்டு, காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டியை நியூட்ரலில், முடிந்தால் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில், எதையும் போடுவதற்கு முன் பேட்டரியில் அளங்கள். மீட்டர் முனைகளை ஒயர் லக்கில் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தில்) வைக்காமல் பேட்டரியின் சொந்த ஈயக் கட்டைமேல் நேராக வையுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 என்றால் கிட்டத்தட்ட காலி. ‘புது பேட்டரி’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். கடையில் ஆறு மாதம் தூங்கி, சார்ஜ் ஏற்றாமல் மாட்டிய புது பேட்டரிகளை எல்லா மெக்கானிக்கும் பார்த்திருப்பார்.

இப்போது முனைகளை அங்கேயே பிடித்துக்கொண்டு, வேறு ஒருவரை இரண்டு விநாடி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு அளவு பாதி ரகசியத்தைச் சொல்லிவிடும். வோல்ட் விழுகிறதா, விழவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

12.6 இருந்தது 12.4, 12.5 என்று அசையாமல் நிற்கிறது, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் பெரிய கரண்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம். வட்டம் எங்கோ அறுந்திருக்கிறது. ரிலேயின் உள்தகடு கருகியிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் தொடாமல் இருக்கலாம். மாறாக, வோல்ட் தடாலென்று 9க்கும் கீழே விழுகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் கரண்ட் ஓடுகிறது, வேலை நடக்கவில்லை. அப்போது பேட்டரி உள்ளே பலவீனமாக இருக்கலாம், இல்லை மோட்டார் இறுகி நிற்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம். சுற்றாமல் நிற்கும் மோட்டார்தான் எல்லாவற்றையும்விட அதிக கரண்ட் குடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. இந்த இரண்டையும் பிரிக்க, நல்ல சார்ஜ் உள்ள இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை ஜம்பர் ஒயர் போட்டு இணைத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் உங்கள் பேட்டரி, எடுக்காவிட்டால் மோட்டார். கார் பேட்டரியில் இருந்து இணைப்பதானால் கார் என்ஜின் ஓடக்கூடாது. நல்ல நிலையில் உள்ள வண்டியில், செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். 9.6க்குக் கீழே போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உங்கள் வண்டியில் வோல்ட் விழாது என்றுதான் நினைக்கிறேன். விழவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்ததைச் சொல்கிறேன். மோட்டாரின் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட் மேல் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அதை விலக்கிவிட்டு, ஒரு முனையை அந்தப் போல்ட்டிலும் மறுமுனையை மோட்டாரின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். பட்டனை அழுத்தும்போது இங்கே 12 வோல்ட் வந்து, மோட்டார் மௌனமாக இருந்தால், குற்றம் மோட்டாருக்குள்தான், வாய்தாவே வேண்டாம். இங்கே ஒன்றும் வரவில்லை, பேட்டரியில் மட்டும் 12 இருக்கிறது என்றால், மோட்டார் நிரபராதி. அப்போது ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவே அளங்கள். ‘டக்’ அடிக்கும்போது அங்கே 12 காட்டினால் தகடு மூடவில்லை, ரிலேயை மாற்றுங்கள். 0.1, 0.2 என்று காட்டினால் ரிலே நல்லது, ஒயரைப் பாருங்கள். எர்த் பக்கம் பார்க்க, பேட்டரி நெகடிவுக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே அளங்கள். அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை.

இதையெல்லாம் ஏன் பட்டனை அழுத்திக்கொண்டே அளக்கச் சொல்கிறேன் என்றால், மூடிய குழாயில் தண்ணீர் அழுத்தம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். திறந்து பார்த்தால்தான் நூல் மாதிரி வடிவது தெரியும். ஒயருக்குள் முப்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும். மோட்டார் மட்டும் சுற்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: களிம்பு பிடித்த ஒரு லக்கில் 0.02 ஓம் தடை, ஓடுவது 80 ஆம்பியர் என்றால் அந்த இடத்திலேயே 1.6 வோல்ட் காலி. அது சூடாகவும் மாறும். அதனால் மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கை வைத்தியம்: நாலைந்து தடவை முயற்சித்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் திருடன்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துப் பார்ப்பது பட்டறைகளில் தினமும் நடக்கிறது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது நியூட்ரல் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் எல்லாவற்றையும் தாண்டி நேராக மோட்டாரை ஓட்டுகிறது. நான் வேலை பழகிய காலத்தில், கியரில் நின்ற வண்டியில் இதைச் செய்து, வண்டி ஒரு முழம் பாய்ந்து, எதிரே நின்றிருந்த வாடிக்கையாளரின் சைக்கிளைச் சாய்த்தது. ரிம் வளைந்ததற்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். தீப்பொறி வேறு பறக்கும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, தட்டினால் ஏன் எடுக்கிறது? மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புத் துண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்ட கம்யூட்டேட்டர் இருக்கிறது. அதன்மேல் கார்பன் கட்டைகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டு நின்று கரண்டைக் கடத்துகின்றன. கட்டை தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு, கடைசியில் ஸ்பிரிங் தன் கூட்டிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். கட்டைக்கும் செம்புக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. வெளியே தட்டினால் கட்டை குலுங்கி ஒரு நொடி தொடும், மோட்டார் சுற்றும். இன்னொன்றையும் கவனியுங்கள். கிக்கரால் ஸ்டார்ட் செய்யும்போது, ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் வழுக்கும் ஒன்வே கிளட்ச் நடுவில் இருப்பதால் செல்ஃப் மோட்டார் சுற்றாது. அதனால் நேற்று எந்த இடத்தில் தொடாமல் நின்றதோ, இன்றும் அதே இடத்தில்தான் நிற்கும். வேறு வழியில்லாமல் தட்டுதான் அதை நகர்த்துகிறது. தட்டுவதைச் சோதனையாக ஒரு முறை செய்யலாம், வைத்தியமாகத் தினமும் செய்யக்கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் ஃபெரைட், பீங்கான் மாதிரி. பலமாக அடித்தால் விரிசல் விட்டு, துண்டு ஆர்மேச்சருக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். சில நூறு ரூபாயில் கார்பனோடு முடிய வேண்டியது அப்போதுதான் நிஜமாகவே புது மோட்டாராகும்.

இனி கழற்றுவது. பேட்டரியின் நெகடிவை முதலில் கழற்றுங்கள். பாசிடிவை முதலில் கழற்றி, ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் வெல்டிங் கடையில் பார்க்கிற மாதிரி இருக்கும். மோட்டார் சில வண்டிகளில் சிலிண்டருக்கு முன்னால், சில வண்டிகளில் பின்னால் கிராங்க்கேஸின் தலையில் உட்கார்ந்திருக்கும். முன்னால் இருப்பவை முன்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றைத் தினமும் குடிப்பவை, ஆகவே முதலில் பிரஷ்ஷும் காற்றும் வைத்துச் சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள். கழற்றிய பிறகு அந்தத் துவாரம் நேராக என்ஜினுக்குள் போகிறது, மணல் உள்ளே விழுந்தால் கியரெல்லாம் அரைபடும்.

டெர்மினல் நட்டில்தான் புது ஆட்கள் தோற்பார்கள். அந்தப் போல்ட் மோட்டாரின் உடம்பைத் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷில் நிற்கிறது. துருப்பிடித்த நட்டை வெறுமனே திருகினால் போல்ட்டே சேர்ந்து சுழன்று, உள்ளே கார்பனின் வால் அறுந்துவிடும். அடியில் இன்னொரு நட் இருந்தால் அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டைத் திருப்புங்கள். இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட். பெரும்பாலும் 8 அல்லது 10 எண் ஸ்பேனர். கழன்றதும் மோட்டாரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி வெளியே இழுங்கள். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பிடித்திருக்கும், அதுதான் இறுக்கமாகத் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினிய முகம் காயப்பட்டு ஆயில் கசியும். சில சொட்டு ஆயில் விழுவது சகஜம்.

வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். முதலில் ஒரு பேட்டரியோடு நேராக இணைத்து ஓட்டிப் பாருங்கள்: உடம்பு நெகடிவில், டெர்மினல் பாசிடிவில், இரண்டு விநாடி மட்டும். மோட்டாரைக் காலுக்கு அடியிலோ வைஸிலோ பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா மேஜைமேல் வைத்தால் முதல் உதறலில் குதித்து ஓடிவிடும். சீராகச் சுற்றினால் ஒரு எச்சரிக்கை: சுமையில்லாமல் சுற்றுகிற மோட்டார் எல்லாம் நல்ல மோட்டார் ஆகிவிடாது. ஆனால் சுற்றவே இல்லை, அல்லது தட்டினால் சுற்றுகிறது என்றால் தீர்ப்பு வந்துவிட்டது.

இப்போது ஆணி மாதிரி கூரான ஒன்றால், இரண்டு மூடிகளும் நடு உருளையும் சேரும் இடங்களில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டதால் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். கார்பன் மாற்றி, கோடில்லாமல் குத்துமதிப்பாக மூடி, வண்டியில் மாட்டிப் பட்டனை அழுத்தினேன். மோட்டார் ‘உய்ய்’ என்று அருமையாகச் சுற்றியது. என்ஜின் அசையவில்லை. ஒன்வே கிளட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டி, மேக்னெட் கவரின் போல்ட்டுகளைக்கூட லூஸ் செய்துவிட்டேன். காலையில் சரியாக இருந்த ஒன்வே, மாலைக்குள் எப்படிப் போகும் என்று அப்போதுதான் உறைத்தது. மோட்டாரை மறுபடி கழற்றி வெளியே ஓட்டிப் பார்த்தால், எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடு உருளையை ஒரு காந்தம் அளவுக்குத் திருப்பி மாட்டிவிட்டேன். வடக்கு இருந்த இடத்தில் தெற்கு வந்ததும் திசை மாறிவிட்டது. எதிர்த்திசையில் சுற்றினால் ஒன்வே பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். சில மோட்டார்களில் தப்பாக மாட்டவே முடியாதபடி பள்ளம் வைத்திருப்பார்கள். இல்லாதவற்றில் கோடுதான் கதி.

நீளமான இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் மூடிகள் கழன்று வரும். மெதுவாக இழுங்கள். தண்டின் இரு முனையிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும், அவை ஆயிலில் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து, நீங்கள் பார்க்காதபோது கீழே விழும். எந்தப் பக்கம் எத்தனை என்று போனில் படம் எடுத்து வையுங்கள்.

58,000 கிலோமீட்டர் ஓடிய மோட்டாரைத் திறந்தால் முதலில் தெரிவது கருப்பு மை மாதிரி ஒரு பசை. கார்பன் தூளும், தண்டின் ஆயில் சீல் வழியாக ஏறி வந்த என்ஜின் ஆயிலும் கலந்தது. கட்டைகள் கூட்டுக்குள் இந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் தள்ளினாலும் வராமல் நிற்கும். கட்டை இன்னும் நீளமாகவே இருந்து, பசையில்தான் சிக்கியிருக்கிறது என்றால் உங்களுக்குக் காசு மிச்சம். ஆனால் சீலை மாற்றாமல் மூடினால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே பசை வந்துவிடும். தேய்மான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையில் வண்டியின் சர்வீஸ் புத்தகம் இல்லாவிட்டால், புதுக் கட்டையின் நீளத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம். கட்டைகளைத் தனியாக வாங்கி சால்டர் வைப்பதைவிட, ஸ்பிரிங்கோடு சேர்ந்த முழு பிரஷ் பிளேட்டாக வாங்குங்கள். சூட்டில் பழைய ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். சால்டர் கை பழகாதவர் வைத்தால் மோட்டாரின் சூட்டிலேயே உருகிவிடும்.

கம்யூட்டேட்டரைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். கருப்பாக இருந்தால் ஜீரோ நம்பர் பேப்பரை நாடா மாதிரி சுற்றி லேசாக மெருகேற்றுங்கள். எமரி துணி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துகொண்டு புதுக் கார்பனை அரைக்கும். செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் கோடுகள் நிரம்பியிருந்தால் உடைந்த ஹாக்சா பிளேடின் ஓரத்தால் கீறி எடுங்கள். பிறகு மீட்டரில் இரண்டு சோதனை: பக்கத்துப் பக்கத்து செம்புத் துண்டுகளுக்கு நடுவே தொடர்பு இருக்க வேண்டும். எந்தச் செம்புத் துண்டுக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது. இரண்டாவது சோதனையில் ‘பீப்’ கேட்டால் ஆர்மேச்சர் ஷார்ட். அது கேட்டால்தான், அல்லது காந்தம் உடைந்திருந்தால், அல்லது கம்யூட்டேட்டர் ஓரிடத்தில் குழி விழுந்து எரிந்திருந்தால்தான் புது மோட்டார். இவ்வளவு சின்ன மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்வது எனக்கு உடன்பாடில்லை. கூலியும் திரும்ப வருகிற அலைச்சலும் சேர்த்தால் புதுசே மேல்.

மூடும்போது கட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும் போல இருக்கும். தண்ணீர் பாட்டிலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் பட்டையைச் சுருட்டிக் கட்டைகளுக்கு நடுவே வைத்து, கம்யூட்டேட்டர் நுழைந்ததும் உருவிவிடுங்கள். ஆர்மேச்சரை உருளைக்குள் இறக்கும்போது காந்தம் அதை ‘டப்’ என்று பறித்துக்கொள்ளும். விரல் ஓரத்தில் இருந்தால் நசுங்கும், எனக்கு நசுங்கியிருக்கிறது.

புதுசுதான் வாங்க வேண்டும் என்று ஆனால், பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடானாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் மாறியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, தண்டுப் பல்லின் எண்ணிக்கை, தண்டின் நீளம், இரண்டு போல்ட் துளைக்கும் இடைவெளி, டெர்மினல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அங்கேயே ஒரு பேட்டரியில் ஓட்டித் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டூப்ளிகேட்டில் விலை பாதி, ஆயுளும் அதற்கேற்றபடிதான். இதில் நான் கம்பெனி பார்ட் கட்சி. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பழைய கம்பெனி மோட்டார் கிடைத்து, திறந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால், அதுகூடப் புது டூப்ளிகேட்டைவிட மேல்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர்வரிசை. ஓ-ரிங்கைப் புதுசாகப் போட்டு, துளி என்ஜின் ஆயில் தடவுங்கள். மோட்டாரும் என்ஜினும் சேரும் முகத்தையும், போல்ட் உட்காரும் காதுகளையும் உலோகம் தெரியத் துடையுங்கள். அவைதான் எர்த். அழகாக இருக்கட்டும் என்று புது மோட்டாருக்கு முழுசாகக் கருப்பு பெயின்ட் அடித்து மாட்டி, செல்ஃப் எடுக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மி.மீ. நூல், 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய நூலில் தோள்பலத்தைக் காட்ட வேண்டாம். டெர்மினல் நட்டை அதைவிட மென்மையாக முடுக்கி, ரப்பர் தொப்பியைத் திரும்பப் போடுங்கள். பேட்டரியில் பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில்.

மோட்டார் சுற்றியும் என்ஜின் சுற்றாத கேஸை மேலே தொட்டேன். அது உண்மையான ஒன்வே கிளட்ச் கோளாறாகவும் இருக்கலாம். 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிக்காரர்கள் ‘ஸ்பிராக்’ என்று கவலையோடு சொல்வது இதைத்தான். பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால், என்ஜின் முழுச் சுற்று போகாமல் பின்னோக்கி உதறும். அந்த உதறல் முழுவதையும் வாங்குவது ஒன்வேதான். அதை மாற்ற என்ஜினின் பக்கக் கவரைத் திறக்க வேண்டும், வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. 2020இல் வந்த ஆக்டிவா 6ஜி மாதிரி வண்டிகளில் பட்டனை அழுத்தினால் கியர் சத்தமே இல்லாமல் எடுக்கும். அவற்றில் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டரே செல்ஃப் மோட்டார் வேலையையும் பார்க்கிறது, தனி மோட்டார் கிடையாது. மேலே சொன்னதில் பேட்டரி, இணைப்புகள் பற்றிய பகுதி மட்டும் அவற்றுக்குப் பொருந்தும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இந்த வரிசை பொருந்தாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை செல்ஃப் அடித்துப் பார்த்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் செல்ஃப் பற்றிய பேச்சு. மோட்டாருக்குள் போன தண்ணீர் ஆர்மேச்சரைக் காந்தத்தோடு துருவால் ஒட்டிவிடும், சீக்கிரமே திறந்து துடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தலாம் என்றும் பலர் கேட்பதுண்டு. 1912இல் காடிலாக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்தவர். என்ஜினைச் சுற்ற என்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தபோது, சில விநாடிதானே, சின்ன மோட்டாரையே அதன் சக்திக்கு மீறி விரட்டலாம் என்று அவர் கல்லாப்பெட்டியிலிருந்து கற்றதை வைத்துச் சொன்னார். உங்கள் பைக்கில் இருப்பதும் அதே தந்திரம். நம் மோட்டார் சக்திக்கு மீறித்தான் எப்போதும் வேலை செய்கிறது. ஐந்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம். எடுக்காவிட்டால் பத்து பதினைந்து விநாடி ஆறவிட்டு அடுத்தது.

வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும் மீட்டரை உடனே பைக்குள் வைத்துவிடாதீர்கள். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கி, 4000 ஆர்பிஎம் பக்கத்தில் பேட்டரியில் அளங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவே நின்றால் சரி. 13க்குக் கீழே நின்றால், உங்கள் புது பேட்டரி இரண்டு மாதமாகப் பட்டினியில் இருந்திருக்கிறது, சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் போக வேண்டும். 15ஐத் தாண்டினாலும் அதே ரெகுலேட்டர்தான், அப்போது பேட்டரி கொதித்து வீங்கும். இந்த எண்ணையும், பட்டனை அழுத்தியபோது பேட்டரியிலும் மோட்டார் டெர்மினலிலும் பார்த்த எண்களையும் எழுதி அனுப்புங்கள், கடைக்குப் போக வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.